குண்டூர் நாட்டுச் சூழலில் தொடக்கநிலை மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்தல்: தமிழ் ஒலியமைப்பை அடித்தளமாகக் கொண்ட வகுப்பறைச் செயல்பாடுகள்

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஆங்கிலத்தை விளையாட்டு, பாடல், உரையாடல் முதலிய செயல்பாடுகளின் வழிக் கற்பிக்க வேண்டும் என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்ட கருத்தாகும். எனினும், எல்லாச் செயல்பாடுகளும் மொழியைக் கற்பிப்பதில்லை. ஒரு செயல்பாடு மாணவரை மகிழ்விப்பதோடு நின்றுவிடுவதும், அவரைப் பேசத் தூண்டுவதும் அதன் அமைப்பைப் பொறுத்தவை. தமிழகத்தில் 1959 முதல் இன்றுவரை நடைபெற்ற ஆங்கிலக் கற்பித்தல் முயற்சிகள் தரும் படிப்பினைகளைத் தொகுத்து, அவற்றின் அடிப்படையில் கொல்லிமலையின் குண்டூர் நாடு போன்ற மலைப்பகுதியில் செயற்படுத்தத்தக்க செயல்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. மாணவரின் தாய்மொழியாகிய தமிழின் ஒலியமைப்பும் தொடரமைப்பும் ஆங்கிலம் கற்பதற்குத் தடைகள் அல்ல, படிக்கட்டுகள் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, குண்டூர் நாடு, செயல்வழிக் கற்றல், பல்வகுப்புக் கற்பித்தல், ஒலியன், மொழிமுதல் எழுத்து, தகவல் இடைவெளி.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள கொல்லிமலை, சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரியின் மலையாகப் போற்றப்பெறுவது. இம்மலையின் குடியிருப்புகள் நெடுங்காலமாக 'நாடு' என்னும் அலகுகளாக வழங்கி வருகின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்பனவற்றைப் போலக் குண்டூர் நாடும் அவற்றுள் ஒன்று. இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் ஒற்றுமை காரணமாகச் சிலர் மயங்குவதுண்டு. எனினும், இவர்கள் கேரளத்து மலையாளிகளின் வேறானவர்கள். இவர்களின் தாய்மொழி தமிழே ஆகும்.

இம்மலைக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே ஒரு பாடமாக அமைகிறது. நகரத்துக் குழந்தை விளம்பரப் பலகை, கடை, அண்டை வீடு எனப் பல இடங்களில் ஆங்கிலத்தை எதிர்கொள்கிறது. மலைக்குழந்தைக்கோ ஆங்கிலத்தைக் கேட்டுப் பேசும் வாய்ப்பு பெரும்பாலும் வகுப்பறையில் மட்டுமே கிட்டுகிறது. அவ்வாய்ப்பும் எழுத்தைப் பார்த்தெழுதுவதில் கழியுமாயின், அக்குழந்தை ஐந்தாண்டுகள் ஆங்கிலம் பயின்றும் ஒரு தொடரைத் தானாகப் பேசாமலேயே உயர்நிலைக்குச் செல்ல நேரிடும். அங்கு ஏற்படும் தயக்கம் பாடத்தோடு நில்லாமல் பள்ளியையே விட்டு விலகும் மனநிலைக்கும் இட்டுச்செல்லக்கூடும். ஆகவே, தொடக்கநிலையில் வகுப்பறை நேரம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்னும் வினா மலைப்பள்ளிகளைப் பொறுத்தவரை கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

தமிழகத்தின் முன்முயற்சிகளும் அவற்றின் படிப்பினைகளும்

தொடக்கநிலை ஆங்கிலக் கற்பித்தலில் தமிழகத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1959ஆம் ஆண்டளவில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்கான பெரும் பயிற்சி இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது அதன் இலக்கு. பயிற்சி பெற்றோர் பிறருக்குப் பயிற்சி அளிக்க, அவர்கள் மேலும் பலருக்கு அளிப்பர் என்னும் முறையில் அமைந்தமையால் அது 'பனிப்பந்து' இயக்கம் எனப்பட்டது. தொடரமைப்புகளை எளியவற்றிலிருந்து அரியவை நோக்கி வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியால் பதியச் செய்வது அன்றைய கற்பித்தல் நெறி. வாய்மொழிக்கு முதலிடம் தந்தது அதன் சிறப்பு. ஆனால், மாணவர் கூறும் தொடருக்கும் அவர்தம் தேவைக்கும் தொடர்பில்லாதபோது பயிற்சி வெறும் ஒப்பித்தலாக மாறிவிடும் என்பது அந்நெறியின் எல்லையாகும்.

இவ்வெல்லையை உணர்ந்து எழுந்ததே என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய, பெங்களூர்த் திட்டம் எனப் பரவலாக அறியப்படும் முயற்சி. இலக்கணத்தை முன்வைக்காமல், வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொண்டு தீர்க்க வேண்டிய பணிகளை மாணவர்க்கு அளிப்பது இதன் நெறி. பொருளில் கவனம் குவியும்போது மொழி தானே உருப்பெறும் என்பது பிரபுவின் கொள்கை. அவர் பணிகளை மூன்றாக வகுத்தார். ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குக் கூறுவது தகவல் இடைவெளிப் பணி. கிடைத்த தகவலிலிருந்து புதியதொன்றை உய்த்துணர்வது காரண இடைவெளிப் பணி. தம் விருப்பத்தை வெளிப்படுத்துவது கருத்து இடைவெளிப் பணி. உலக அளவில் 'பணிவழி மொழி கற்பித்தல்' என இன்று அறியப்படும் நெறிக்கு இத்திட்டம் முன்னோடியாக மதிக்கப்படுகிறது.

மூன்றாவது முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் ஊரக மையம் உருவாக்கிய அட்டைமுறையை முன்மாதிரியாகக் கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கப்பட்டது. பின்னர் 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. கற்றல் ஏணி, சின்னங்கள், அட்டைகள் ஆகியவற்றின் துணையுடன் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேற இது வழிசெய்தது. பள்ளிக்குச் சில நாள் வாராத குழந்தை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பது மலைப்பகுதிக்கு மிகவும் பொருந்தும் கூறு. ஆனால், ஆங்கிலம் கேட்டும் பேசியும் கற்க வேண்டிய மொழி. அட்டை தானாகப் பேசாது. குழந்தை தனியே அமர்ந்து அட்டையை முடிக்கும்போது வாய்மொழிப் பயிற்சி குன்றும் வாய்ப்பு உண்டு.

கொரோனாத் தொற்றுக்காலக் கற்றல் இழப்பைச் சரிசெய்யும் நோக்குடன் 2022 சூனில் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நான்காவது. முதல் மூன்று வகுப்பு மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகப் பகுத்துத் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றைச் செயல்பாடுகள் வழி இத்திட்டம் கற்பிக்கிறது. வகுப்பைக் காட்டிலும் கற்றல் நிலைக்கு முதன்மை தருவது இதன் சிறப்பு.

இந்நான்கு முயற்சிகளிலிருந்தும் நான்கு கூறுகள் பெறப்படுகின்றன. அவை: வாய்மொழிக்கு முதலிடம், பேசுவதற்கான உண்மைத் தேவை, தனிவேகத்திற்கு இடம், கற்றல் நிலைக்கேற்ற குழு என்பன. ஒரு வகுப்பறைச் செயல்பாடு இந்நான்கையும் எந்த அளவிற்கு உள்ளடக்கியுள்ளது என்பதே அதன் தரத்தை அளக்கும் கோலாகக் கொள்ளத்தக்கது.

பல்வகுப்புச் சூழலும் பேச்சு நேரமும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 மாணவர்கள் வரை பயிலும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது வரையறை. ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும்போது ஒரே அறையில் இரண்டு அல்லது மூன்று வகுப்பினர் அமர்வது இயல்பாகிறது. சிதறிய சிற்றூர்களைக் கொண்ட மலைப்பகுதிகளில் இது விதிவிலக்கன்று. எனவே, ஒரே வயதினர் முப்பதின்மர் அமர்ந்த வகுப்பை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட செயல்பாட்டு நூல்கள் இங்கு அப்படியே பயன்படுவதில்லை.

இவ்விடத்து ஓர் எளிய கணக்கு நோக்கத்தக்கது. 20 மாணவர்கள் உள்ள அறையில் 40 நிமிடப் பாடவேளை முழுவதையும் ஆசிரியர் ஒவ்வொருவராக வினவுவதில் செலவிட்டாலும், ஒரு மாணவர்க்குக் கிடைப்பது 2 நிமிடம். அதிலும் ஆசிரியரின் வினாவுக்குரிய நேரம் கழிந்தால் மாணவர் பேசுவது ஒரு நிமிட அளவே. அதே மாணவர்கள் பத்து இணைகளாகப் பிரிந்து 10 நிமிடம் உரையாடினால், ஒவ்வொருவரும் ஏறத்தாழ 5 நிமிடம் பேசுகின்றனர். அனைவரும் ஒருசேரப் பாடலை ஒலிக்கும்போது பேரொலி எழுகிறது. ஆயினும், அவ்வொலியில் வாயசைப்போர் எத்துணையர் என்பது புலப்படுவதில்லை. எனவே, கூட்டொலியைத் தொடக்கமாகவும் இணைப்பேச்சை மையமாகவும் கொள்வதே ஏற்புடையது. பல்வகுப்புச் சூழல் இதற்குத் துணையாகவும் அமைகிறது. நான்காம் வகுப்பு மாணவரும் இரண்டாம் வகுப்பு மாணவரும் இணையும்போது மூத்தவர் கற்பிப்பதால் தெளிவு பெறுகிறார். இளையவர் அச்சமின்றிக் கேட்கிறார்.

தமிழ் ஒலியமைப்பு வழிச் செயல்பாடுகள்

தமிழ் மாணவரின் ஆங்கில ஒலிப்பில் தோன்றும் பெரும்பாலான வேறுபாடுகள் கவனக்குறைவால் நேர்வன அல்ல. தமிழின் ஒலியமைப்பு விதிகளை அவர் முறையாகப் பின்பற்றுவதன் விளைவே அவை. தொல்காப்பியம் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை வரையறுத்துள்ளது. சொல்லின் முதலில் மெய்ம்மயக்கம் வாராது. வல்லின மெய் சொல்லின் இறுதியில் தனித்து நில்லாது. இவ்விரு விதிகளையும் அறிந்த ஆசிரியர், பிழை தோன்றும் இடத்தை முன்கூட்டியே உணர்வதோடு, அதற்கான வழியையும் தமிழிலேயே காணலாம்.

முதலாவது, ஒலிப்புடை ஒலியும் ஒலிப்பிலா ஒலியும் பற்றியது. ஆங்கிலத்தில் பேரிக்காயைக் குறிக்கும் சொல்லும் கரடியைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'பேர்' என்றே எழுதப்பெறும். மேலங்கியைக் குறிக்கும் சொல்லும் ஆட்டைக் குறிக்கும் சொல்லும் 'கோட்' என்றே அமையும். முதல் ஒலியே இவற்றைப் பிரிக்கிறது. தமிழில் இவ்வேறுபாடு பொருள் வேறுபாட்டைத் தருவதில்லை. அவ்வொலிகள் தமிழில் இல்லை என்பது இதன் பொருளன்று. 'பாம்பு' என்னும் சொல்லின் முதற் பகரம் ஒலிப்பிலா ஒலி. மகரத்தை அடுத்த பகரம் ஒலிப்புடை ஒலி. குழந்தை இரண்டையும் நாள்தோறும் ஒலிக்கிறது. எனவே, உதடுகளை மூடி 'ம்' என முரன்று, பாம்பின் இரண்டாம் பகரத்தைப் போலத் திறந்தால் கரடியின் பெயர் பிறக்கும். 'தங்கம்' என்னும் சொல்லின் ககரத்திலிருந்து ஆட்டின் பெயரைப் பெறலாம். இதன்பின், கரடிப் படத்தையும் பேரிக்காய்ப் படத்தையும் எதிரெதிர்ச் சுவர்களில் ஒட்டி, இணையருள் ஒருவர் கூறும் சொல்லுக்கேற்ப மற்றவர் ஓடித் தொடும் விளையாட்டை நடத்தலாம். தவறாக ஒலித்தால் நண்பர் தவறான சுவருக்கு ஓடுவார். அவ்விளைவே திருத்தமாகிறது. ஆசிரியர் கடிந்துரைக்கத் தேவையில்லை.

இரண்டாவது, இறுதி உகரம். 'கப்', 'மேப்', 'டேப்' என்பன 'கப்பு', 'மேப்பு', 'டேப்பு' என ஒலிக்கப்படுவது குற்றியலுகர வழக்கின் தாக்கம். 'மரம்', 'பழம்' என்னும் சொற்களைக் கூறி முடிக்கையில் உதடுகள் மூடியிருப்பதை முதலில் கவனிக்கச் செய்து, அதே மூடிய நிலையில் ஆங்கிலச் சொல்லையும் முடிக்குமாறு கூறலாம். 'உதட்டுப் பூட்டு' என இதற்குப் பெயரிட்டால் குழந்தைகள் ஒருவரையொருவர் நோக்கிச் சரிபார்த்துக்கொள்வர்.

மூன்றாவது, முதல்நிலை மெய்ம்மயக்கம். 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆவதற்குச் சொல் முதலில் மெய்ம்மயக்கம் ஏற்காத தமிழ் மரபே காரணம். சொல்லின் இடையில் அம்மயக்கத்தைக் குழந்தை எளிதில் ஒலிக்கும். ஆதலின் 'பஸ்', 'கூல்' என இரண்டையும் இணைத்து 'பஸ்கூல்' எனப் பலமுறை கூறச்செய்து, பின் முதலெழுத்தை விடச் செய்தால் உரிய ஒலி கிட்டும்.

எழுத்துக் கற்பித்தலுக்கும் இவ்வொப்பீடு உதவும். தமிழெழுத்தின் பெயரும் ஒலியும் பெரிதும் ஒன்றே. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலியன்களைக் குறிக்கின்றன. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. தமிழ் நெடுங்கணக்கைக் கற்ற குழந்தை பெயரையே ஒலியாகக் கொள்வது இயல்பு. ஆகவே, ஒலியை முதலிலும் பெயரைப் பின்னரும் அறிமுகப்படுத்துவது குழப்பத்தைக் குறைக்கும்.

மலைச்சூழல் வழிச் செயல்பாடுகள்

அ. வளைவுப் பலகை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைக்குழந்தைகள் நன்கறிந்த சாலை இது. பரமபதப் பலகையைப் போல 70 வளைவுகள் கொண்ட சாலையை அட்டையில் வரைந்து, இணையர் ஒவ்வொருவரிடமும் ஒன்று தரலாம். இடையில் ஒரு புத்தகத்தை மறைப்பாக நிறுத்தி, ஒருவர் எண் சீட்டை எடுத்து ஆங்கிலத்தில் கூற, மற்றவர் அவ்வளைவில் புளியங்கொட்டையை வைப்பார். கூறுபவரும் தம் பலகையில் அவ்வாறே வைப்பார். பத்துச் சீட்டுகளுக்குப்பின் மறைப்பை நீக்கி இரு பலகைகளையும் ஒப்பிடலாம்.

இவ்விளையாட்டில் ஒரு மொழியியல் நுட்பமும் உண்டு. ஆங்கிலத்தில் 13-30, 14-40, 15-50, 16-60, 17-70 ஆகிய எண் இணைகள் ஈற்றொலியாலும் அழுத்தத்தாலும் மட்டுமே வேறுபடுவன. பதின்மூன்று, முப்பது எனத் தெளிவாக வேறுபடும் தமிழ் எண்ணுப்பெயர்களுக்குப் பழகிய செவிக்கு இவை மயக்கம் தரும். இந்த ஐந்து இணைகளும் 70 வளைவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. 13ஆம் வளைவில் நிற்க வேண்டிய புளியங்கொட்டை 30இல் நிற்கும்போது மாணவர் தாமே வேறுபாட்டை உணர்வர். மூத்த மாணவர்கள் இடம், வலம், மேல், கீழ் என்னும் சொற்களையும் சேர்த்து வழிகூறலாம்.

ஆ. சந்தை விளையாட்டு. பலா, வாழை, அன்னாசி, மிளகு, காப்பி ஆகியவை கொல்லிமலையின் அறியப்பட்ட விளைபொருள்கள். சோளக்காட்டுச் சந்தையை மாதிரியாகக் கொண்டு, விற்பவரிடம் மட்டும் விலைப்பட்டியலும் வாங்குபவரிடம் மட்டும் தேவைப்பட்டியலும் அளிக்கலாம். விலை கேட்காமல் வாங்க இயலாது என்பதால் வினாத்தொடர் தேவையிலிருந்தே பிறக்கிறது. இது தகவல் இடைவெளிப் பணி. 100 ரூபாயில் எவ்விரண்டு பொருள்களை வாங்கலாம், மீதி எவ்வளவு எனக் கேட்கும்போது காரண இடைவெளிப் பணியாகிறது. எதை வாங்க விருப்பம் என வினவினால் கருத்து இடைவெளிப் பணியாகிறது. ஒரே விளையாட்டு மூன்று வகுப்பினர்க்கும் மூன்று படிநிலைகளில் பயன்படுவது இதன் சிறப்பு. பாடநூலில் ஆப்பிளும் திராட்சையும் இருப்பினும், தம் வீட்டுப் பலாவுக்கும் மிளகுக்கும் ஆங்கிலத்தில் பெயருண்டு என அறியும் குழந்தை அம்மொழியைத் தன் வாழ்வோடு இணைத்துக்கொள்கிறது.

இ. கட்டளை விளையாட்டு. அமெரிக்க உளவியலாளர் சேம்சு ஆசர் 1960களில் முன்வைத்த உடல்வழித் துலங்கல் முறை, கட்டளையைக் கேட்டு உடலால் வினைபுரிவதை அடிப்படையாகக் கொண்டது. பேசுமாறு வற்புறுத்தாமையால் கூச்சமுடைய குழந்தைக்கு இது ஏற்றது. விதைத்தல், நீர் ஊற்றுதல், களை பறித்தல், அறுத்தல், புடைத்தல் எனக் கேழ்வரகு, சாமை வேளாண்மையின் வினைகளை வரிசைப்படுத்தினால், குழந்தைகள் அறிந்த உழைப்பே பாடமாகும். முதல் வாரம் ஆசிரியர் கட்டளையிடலாம். அடுத்த வாரம் மாணவரே கட்டளையிடுவர்.

ஈ. சொல் நிற்றல். தமிழ்த்தொடரில் பயனிலை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்து வரும். மூன்று மாணவர்கள் 'நான்', 'பலாப்பழம்', 'தின்கிறேன்' என்னும் அட்டைகளைப் பிடித்து வரிசையாக நிற்பர். அட்டைகளைத் திருப்பினால் மறுபுறம் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். அப்போது இரண்டாமவரும் மூன்றாமவரும் இடம் மாறினாலன்றித் தொடர் அமையாது. இலக்கணக் கலைச்சொல் எதுவுமின்றி, இரு மொழிகளின் தொடரமைப்பு வேறுபாடு கண்முன் தெரிகிறது.

உ. சொல் வேட்டை. பஸ், டீ, சைக்கிள், டார்ச், டிக்கெட் போன்ற சொற்கள் மலையூர்களின் அன்றாடப் பேச்சிலும் கலந்துள்ளன. அவற்றை வீட்டாரிடம் கேட்டுத் தொகுத்து வருமாறு பணிக்கலாம். ஆங்கிலம் முற்றிலும் அயலானது என்னும் அச்சம் இதனால் குறைகிறது. எதிர்த்திசையும் உண்டு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய தமிழ்ச்சொற்கள் 'கேட்டமரான்', 'செரூட்', 'மல்லிகடானி' என ஆங்கிலத்தில் வழங்குகின்றன. மிளகு விளையும் மலையின் குழந்தைக்கு, மிளகுத்தண்ணீர் ஆங்கில அகராதியில் இடம்பெற்றுள்ள செய்தி பெருமிதம் தரும்.

தமிழின் இடமும் மதிப்பீடும்

ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிக்கலாகாது என்னும் கருத்து இன்னும் சிலரிடையே நிலவுகிறது. விளையாட்டின் விதியைத் தமிழில் ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டு, விளையாட்டை ஆங்கிலத்தில் நடத்துவது கால விரயத்தைத் தவிர்க்கிறது. ஆயின், ஒவ்வோர் ஆங்கிலத் தொடரையும் உடனே மொழிபெயர்ப்பது மாணவர் ஆங்கிலத்தைக் கேட்கும் தேவையையே நீக்கிவிடும். விதிமுறைக்கும் ஒப்பீட்டிற்கும் தமிழ், விளையாட்டிற்கு ஆங்கிலம் என்னும் பகுப்பு இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நடைமுறை வழியாகும். மலைக்குழந்தையின் வட்டாரத் தமிழ் எள்ளலுக்கு உள்ளாகாமல் ஏற்கப்படுவதும் இதன் பகுதியே. தன் பேச்சுக்கு மதிப்பு உண்டெனக் கண்ட குழந்தையே புதிய மொழியில் வாய் திறக்கும்.

மதிப்பீடும் செயல்பாட்டோடு பொருந்த வேண்டும். பேசக் கற்பித்து, எழுத்துத் தேர்வால் மட்டும் அளந்தால் ஆசிரியர் விரைவில் எழுத்திற்கே திரும்புவார். இணைப்பேச்சு நடைபெறும் 10 நிமிடத்தில் நாளொன்றுக்கு நான்கு மாணவரின் பேச்சை அருகிருந்து கேட்டு, ஒவ்வொருவர்க்கும் ஒரு வரி குறித்தால், 20 மாணவர்களும் ஐந்து நாளில் ஒருமுறை கவனிக்கப்பெறுவர். இதற்குக் குறிப்பேடு ஒன்றே போதுமானது.

இச்செயல்பாடுகளுக்கு எல்லைகளும் உண்டு. ஆசிரியரின் ஒலிப்பே மாணவர்க்கு முதன்மை மாதிரியாக அமைவதால், அவர்க்கு ஒலியியல் பயிற்சி தேவைப்படுகிறது. பயிற்சி முகாம்களில் தமிழ் மொழியியலும் ஆங்கிலக் கற்பித்தலும் தனித்தனியே நிற்காமல் இணைவது இதற்கு உதவும். தமிழ்த்துறை ஆய்வாளர்கள் பங்களிக்கத்தக்க களம் இதுவாகும்.

முடிவுரை

1959இன் தொடர்ப்பயிற்சி முதல் 2022இன் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வரையிலான முயற்சிகள், செயல்பாடு என்பது வாய்மொழி, தேவை, தனிவேகம், நிலைக்கேற்ற குழு ஆகியவற்றை ஒருங்கிணைக்கும்போதே பயன்தரும் என்பதை உணர்த்துகின்றன. குண்டூர் நாடு போன்ற மலைப்பகுதியில் இவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. அட்டை, புளியங்கொட்டை, மாணவர் அறிந்த சாலை, சந்தை, வயல் ஆகியவையே போதுமானவை. மாணவரின் ஆங்கில ஒலிப்பில் காணப்படும் வேறுபாடுகள் தமிழ் ஒலியமைப்பின் ஒழுங்கிலிருந்து தோன்றுவன. ஆதலின் அவற்றைக் களையும் வழியும் 'பாம்பு', 'மரம்' போன்ற எளிய தமிழ்ச்சொற்களிலேயே உள்ளது. தாய்மொழியை வாயிலுக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்துக்கொள்ளும் வகுப்பறையில்தான், மலைக்குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் அந்த ஒரு பாடவேளை முழுப்பயன் அளிக்கும்.